நாள்பட்ட வலியோடு நாளை ஓட்டுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு இடுப்பில் தொடங்கி இடது காலில் இறங்கும் வலி. ஒன்பது வருடமாகக் கூடவே இருக்கிறது. நான் டாக்டர் இல்லை. டாக்டர்களிடமும் பிசியோதெரபிஸ்டுகளிடமும் சக வலிக்காரர்களிடமும் கேட்டு, கொஞ்சம் படித்து, நிறையப் பட்டுத் தெரிந்துகொண்டவைதான் இவை. புதிதாக இதில் மாட்டிக்கொண்டவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். மருந்தைத் தொடங்குவது, நிறுத்துவது, அளவை மாற்றுவது ஆகியவற்றை மட்டும் உங்கள் டாக்டரிடம் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

எத்தனை நாள் வலித்தால் அது ‘நாள்பட்ட வலி’?

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், அல்லது விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தால். சாதாரணக் காயங்கள் பெரும்பாலும் அதற்குள் ஆறிவிடும் என்பதுதான் இந்தக் கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பு, நாள்பட்ட வலிக்குத் தனிப் பிரிவே ஒதுக்கியிருக்கிறது. வேறு ஏதோ நோயின் அறிகுறியாக மட்டும் இல்லாமல், வலியே ஒரு நோயாகவும் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டதாக இதை எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்கிறார்கள். அப்படியென்றால் எல்லாம் என் மனப்பிரமையா?

இல்லை. இந்தக் கேள்வியை நானே அழுதுகொண்டு கேட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், ஸ்கேன் என்பது உடம்பின் படம். வலியின் படம் அல்ல. முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த பல ஆய்வுகளை 2015இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. அத்தனை பேருக்கும் வலி கிடையாது. தேய்மானம் இருந்தும் வலிக்காமல் இருக்கலாம் என்றால், படத்தில் ஒன்றும் தெரியாமல் வலிக்கவும் செய்யலாம்தானே.

அடுத்தது, நரம்புகளின் வேலை. காயத்திலிருந்து வரும் செய்தியைத் தண்டுவடமும் மூளையும் அப்படியே வாங்கிக்கொள்வதில்லை. கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன. செய்தி வந்துகொண்டே இருந்தால் தண்டுவடத்தின் நரம்புகளே கூர்மையாகிவிடும் என்பதை கிளிஃபோர்ட் வுல்ஃப் என்ற விஞ்ஞானி 1983இல் காட்டினார். மைக்கில் சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்துவிட்டால் பக்கத்தில் காகிதம் திருப்புவதுகூட இரைச்சலாகக் கேட்கும். அதுபோல லேசான தொடுதலும், கொஞ்ச நேரம் நிற்பதும் வலியாகிவிடுகிறது. பிரச்சினை மைக்கில் இருக்கிறது; நீங்கள் கேட்ட இரைச்சல் நிஜம்.

இன்னும் சந்தேகமா? கையை இழந்தவர்களுக்கு அந்த இல்லாத கையில் வலி வருவது எல்லோரும் அறிந்த விஷயம். நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்து, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி செய்தார். அதைப் பார்த்துக்கொண்டே கையை அசைத்தபோது, இறுக்கிப் பிடித்திருந்த அந்த இல்லாத கை தளர்ந்ததாகச் சிலர் சொன்னார்கள். வலிக்க உறுப்பே தேவைப்படவில்லை. ஆனாலும் அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை.

வலியை ஆராயும் சர்வதேச சங்கம் 2020இல் திருத்திய வரையறையும் இதையே சொல்கிறது: திசு சேதத்தால் வருவதும் வலி, சேதம் ஆனது போலவே உணரப்படுவதும் வலி.

இது முழுசாகக் குணமாகுமா?

சிலருக்கு ஆகிறது. பலருக்குக் குறைகிறது, ஆனால் போவதில்லை. நான் இரண்டாவது கூட்டம்.

மருந்து ஆய்வுகளில் வலி 30 சதவீதம் குறைந்தாலே அதை நல்ல பலன் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பத்துக்கு 7ஆக இருந்த வலி 5க்கு வருவது. கேட்கும்போது ‘இவ்வளவுதானா’ என்று இருக்கும். அந்த இரண்டு புள்ளியில்தான் நான் மறுபடி என் மகளின் பள்ளி நிகழ்ச்சியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். அதனால் ‘வலி எப்போது போகும்’ என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, ‘வலியோடு எதைச் செய்ய முடிந்தால் போதும்’ என்று ஒன்றிரண்டு காரியங்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை வேலை செய்கிறதா என்பதற்கும் அதுவே அளவுகோல்.

நல்ல நாள் எப்போதாவதுதான் வருகிறது. அன்றைக்கே தேங்கிய வேலையை எல்லாம் முடித்துவிடுவது தவறா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நடப்பது இதுதான். வலி குறைந்த நாளில் வீட்டையே புரட்டிப்போட்டுத் துடைப்போம். மறுநாள் எழுந்திருக்க முடியாது. இரண்டு நாள் படுக்கை. உடம்பு இன்னும் கொஞ்சம் பலம் இழக்கும். அடுத்த நல்ல நாளில் முன்பைவிடக் குறைவான வேலையிலேயே விழுவோம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், செய்ய முடிகிற காரியங்களின் பட்டியல் பாதியாகியிருக்கும். எனக்கு ஆனது.

இந்தச் சுழலில் முடிவெடுப்பது யார் என்று பாருங்கள். வலி குறைந்தால் வேலை, வலி கூடினால் ஓய்வு. ஆக, வலிதான் எஜமான். வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் இதைத் தலைகீழாக்கச் சொன்னார்: வலியைப் பார்த்து நிறுத்தாதே, கடிகாரத்தைப் பார்த்து நிறுத்து.

செய்யும் முறை. உங்களுக்குச் சிரமமான ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது நாற்காலியில் உட்காருவது. ஐந்து நாள், வலி ஏறத் தொடங்கும்வரை எத்தனை நிமிடம் உட்கார முடிகிறது என்று குறித்தேன்: 40, 15, 25, 10, 30. சராசரி 24. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் சுமார் 19 நிமிடம். அதுதான் என் தொடக்கம். 19 நிமிடம் ஆனதும் எழுந்துவிடுவேன், உடம்பு இன்னும் உட்காரலாம் என்று சொன்னாலும். சுமாரான நாளிலும் அதே 19 நிமிடம் உட்காருவேன். ஒரு வாரம் ஒழுங்காகப் போனால் பத்து சதவீதம் கூட்டுவேன்.

கஷ்டமான பகுதி எது தெரியுமா? நல்ல நாளில் எழுவதுதான். போன் அலாரம் அடிக்கும், ‘இன்னும் ஒரே ஒரு மெயில்’ என்று மனசு கெஞ்சும். முதல் இரண்டு மாதம் நான் தினமும் ஏமாற்றினேன், தினமும் மாட்டினேன். அப்புறம் அலாரத்தை எட்டாத இடத்தில் வைத்தேன். அணைக்கவாவது எழுந்துதானே ஆக வேண்டும். இப்போது என்னால் 50 நிமிடம் உட்கார முடிகிறது. அதற்கு ஒன்றரை வருடம் ஆனது. நடுவில் நான்கு முறை 20க்கே திரும்பியிருக்கிறேன்.

நிற்பது, நடப்பது, துணி மடிப்பது, பேசுவது என எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். பேசுவதா என்று சிரிக்காதீர்கள். முகத்தில் நரம்பு வலி உள்ளவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

வலிக்கும்போது உடற்பயிற்சி செய்தால் இன்னும் கெட்டுப்போகாதா?

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது என்பார்கள். நமக்கும் அந்தப் புத்திதான் வருகிறது. குனிந்தபோது ஒருமுறை சுரீர் என்றதால் குனிவதையே விட்டுவிடுகிறோம். குனியாததால் முதுகு விறைக்கிறது. விறைத்த முதுகு அடுத்த முறை இன்னும் வலிக்கிறது. பயம் சரிதான் என்று நிரூபணமாகிவிடுகிறது.

நாள்பட்ட வலியில் வலிப்பதும் கேடு நடப்பதும் ஒன்றல்ல. ஆபத்தான காரணம் எதுவும் இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு அசைவது பாதுகாப்பானது. எந்தப் பயிற்சி என்பது அவ்வளவு முக்கியமில்லை. நடை, நீச்சல், யோகா, சைக்கிள் எதுவானாலும் நீங்கள் விடாமல் செய்யப்போவது எதுவோ அதுவே உங்களுக்கு நல்லது. பிசியோதெரபிஸ்ட் எனக்குச் சொன்ன கணக்கு: பயிற்சிக்குப் பின் வலி கொஞ்சம் கூடலாம், ஆனால் மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லையென்றால் அளவு அதிகம், பாதியாக்கிக்கொள்ளுங்கள், விட்டுவிடாதீர்கள். நான் தொடங்கியது வீட்டு வாசலிலிருந்து தெருமுனைவரை நான்கு நிமிட நடையில்.

வலி திடீரென்று உச்சத்துக்குப் போன நாளில் என்ன செய்வது?

அன்றைக்கு யோசிக்க முடியாது. அதனால் நன்றாக இருக்கும் நாளிலேயே ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டி வையுங்கள். என் தாளில் இருப்பது: டாக்டர் சொன்ன மாத்திரை எது, எத்தனை மணிக்கு ஒன்று, ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை. வெந்நீர்ப் பை. எந்த நிலையில் படுத்தால் கால் கொஞ்சம் அடங்கும். ஒத்திப்போடலாம் என்று சொல்லிவிடக்கூடிய வேலைகள். அழைத்தால் வரக்கூடிய இரண்டு பேரின் எண். மூச்சை மெதுவாக விட்டு எண்ணுவது. கடைசி வரியில் ‘போன முறை நான்கு நாளில் அடங்கியது’ என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியைத்தான் அதிகம் படிக்கிறேன்.

வழக்கத்தைப் பாதியாக்குங்கள், பூஜ்யமாக்க வேண்டாம். முழுநாளும் படுக்கையில் கிடந்தால் எழுவது இன்னும் கடினமாகும்.

தினமும் வலி மாத்திரை போட்டால் என்ன ஆகும்?

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது.

பாராசிட்டமால்: ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாள் உச்சவரம்பு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. ஒல்லியானவர்களுக்கும், கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கும், அதிகம் குடிப்பவர்களுக்கும் இதைவிடக் குறைவு. சளி, காய்ச்சலுக்கான பல கலவை மாத்திரைகளிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். அதையும் சேர்த்துத்தான் இந்த எட்டு.

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை: வயிற்றுப் புண், ரத்தக் கசிவு, சிறுநீரகப் பாதிப்பு, இதயக் கோளாறு ஆகிய அபாயங்கள் உண்டு. கடையில் எளிதாகக் கிடைப்பதால் சாது என்று நினைத்துவிடாதீர்கள். மாதக்கணக்கில் கேட்காமல் போடக்கூடாத மாத்திரை இதுதான்.

தலைவலிக்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, டிரிப்டான் (ஒற்றைத் தலைவலிக்கான மாத்திரை), ஓபியாய்டு (மார்ஃபின் வகை), கலவை மாத்திரைகளை 10 நாளோ அதற்கு மேலோ, இப்படி மூன்று மாதத்துக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். காலண்டரில் ஒரு புள்ளி வைத்துக் கணக்குப் பாருங்கள்.

டிராமடால், மார்ஃபின் போன்ற ஓபியாய்டுகள் புதிய காயத்துக்கும் புற்றுநோய் வலிக்கும் பெரிய வரம். நாள்பட்ட மற்ற வலிகளில் கதை வேறு. உடம்பு பழகிக்கொண்டு அதே அளவில் பலன் குறையும். சிலருக்கு நீண்ட நாள் உபயோகத்தில் வலி உணர்வே கூர்மையாகும். பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது, உடம்பு உதறிவிடும். நரம்பு வலிக்குத் தரும் பிரகாபாலின், காபாபென்டினும் அப்படித்தான். டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டியவை. உடம்பு பழகுவது வேறு, அடிமையாவது வேறு. ஆனால் நேரத்துக்கு முன்பே மாத்திரை தீர்ந்துவிடுகிறது, வீட்டில் மறைக்கிறீர்கள் என்றால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

வலிக்கென்று போனால் மனச்சோர்வு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறாரே?

நெட்டில் தேடிப் பார்த்துவிட்டு மாத்திரையைத் தூக்கிப் போட்டவர்களில் நானும் ஒருவன். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வந்து வலிச் செய்தியை அடக்கும் நரம்புப் பாதைகள் உண்டு. அவை பயன்படுத்தும் செரடோனின், நார்அட்ரினலின் ஆகிய ரசாயனங்களை அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின் போன்ற மருந்துகள் கூட்டுகின்றன. மனச்சோர்வு இல்லாதவர்களுக்கும் வலியில் பலன் தரும். அமிட்ரிப்டிலினை வலிக்குப் பெரும்பாலும் இரவில் 10 மில்லிகிராமில் தொடங்குவார்கள். மனச்சோர்வுக்குத் தரும் அளவைவிட அது மிகக் குறைவு. வாய் உலரும், காலையில் மந்தமாக இருக்கும். பலன் தெரியச் சில வாரம் ஆகும். மூன்றாம் நாளே தீர்ப்பு எழுதாதீர்கள்.

கவுன்சலிங் போகச் சொல்கிறார்கள். போகலாமா?

போகலாம். வலியைக் கற்பனை என்று சொல்வதற்காக அல்ல. வலியைச் சுற்றி வளர்ந்துவிட்ட பயம், எரிச்சல், தனிமை ஆகியவற்றைப் பிரித்துப் பார்க்க. நீண்ட வலியும் மனச்சோர்வும் ஒன்றையொன்று வளர்க்கும். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் தள்ளிப்போடாமல் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடமும் டாக்டரிடமும் சொல்லுங்கள்.

தூக்கமே வரவில்லை. என்ன வழி?

வலி தூக்கத்தைக் கெடுக்கிறது, கெட்ட தூக்கம் மறுநாள் வலியைக் கூட்டுகிறது. இதில் இரண்டாவது பாதியைத்தான் நம்மால் கொஞ்சம் பிடிக்க முடியும். இரவு எப்படிக் கழிந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது. பகல் தூக்கத்தை அரை மணிக்குள் நிறுத்துவது. புரண்டுகொண்டே கிடப்பதற்குப் பதில் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்து, கண் சொருகும்போது திரும்பப் போவது. ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைப்பது என் இடுப்புக்கு மாத்திரையைவிட உதவியது. சத்தமாகக் குறட்டை விட்டு மூச்சுத் திணறி விழிக்கிறீர்கள் என்றால் அதைத் தனியாகக் காட்டுங்கள்.

வெந்நீரா, ஐஸா?

புதிய அடி, வீக்கம் என்றால் ஐஸ். பழைய பிடிப்பு, விறைப்பு என்றால் சூடு. மற்றபடி எது இதமோ அது. மரத்துப்போன தோலில் இரண்டும் வேண்டாம், சுட்டுக்கொண்டதே தெரியாது.

டாக்டரிடம் ஐந்து நிமிடத்தில் எப்படிச் சொல்வது?

‘ரொம்ப வலிக்குது டாக்டர்’ என்பது அவருக்கு எந்தத் தகவலையும் தருவதில்லை. நம் மொழியில் வலிக்கு எத்தனை சொல் இருக்கிறது, அதை ஏன் வீணாக்க வேண்டும்? குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், பிடிப்பு, இழுப்பு, எரிச்சல், விண்விண், சுரீர், மதமதப்பு. ஒவ்வொன்றும் வேறு. ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர் 1975இல் வெளியிட்ட புகழ்பெற்ற வலிக் கேள்வித்தாளே இப்படிச் சொற்களைப் பொறுக்கி வைத்ததுதான். எரிச்சல், ஷாக் அடிப்பது, ஊசி குத்துவது, மதமதப்பு என்று சொன்னால் நரம்பைச் சந்தேகிப்பார்கள். காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு, அசைந்தால் தேவலை என்றால் அழற்சியை யோசிப்பார்கள். சொல் மாறினால் மருந்தே மாறலாம்.

அப்புறம், வலியால் நின்றுபோன ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். ‘பத்துக்கு எட்டு’ என்பதைவிட ‘இரண்டு மாதமாகக் குனிந்து ஷூ லேஸ் கட்டவில்லை’ என்பது தெளிவாகப் போய்ச் சேரும். ஒருமுறை ஒரு டாக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் பழைய சீட்டையே திரும்ப எழுதினார். அடுத்த முறை வேறு டாக்டரிடம் மூன்று வரி எழுதிக்கொண்டு போனேன்: என்ன மாறியிருக்கிறது, என்ன முயன்றேன், இன்று எனக்கு என்ன வேண்டும். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

பழைய வலிதானே என்று எதை அலட்சியம் செய்யக்கூடாது?

முதுகுவலியோடு மலஜலம் கழிக்கும் இடத்தைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமலே போய்விடுவது, இரு கால்களும் பலமிழப்பது: உடனே அவசரப் பிரிவு. இதில் மணிக்கணக்கு முக்கியம், காலைவரை காத்திருக்கக் கூடாது. வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிய வலி, விழுந்த பிறகு வந்த வலி, வாழ்க்கையிலேயே இல்லாத அளவுக்கு நொடியில் உச்சம் தொட்ட தலைவலி, இவையும் உடனே காட்ட வேண்டியவை. பொதுவாகச் சொன்னால், உங்கள் வலியை உங்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. அதன் குணமே மாறிவிட்டது என்று தோன்றினால் போய்க் காட்டுங்கள்.

வீட்டில் நம்பவில்லை. ‘நேற்று நன்றாகத்தானே இருந்தாய்’ என்கிறார்கள்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள். ஆனால் அவர்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. கட்டு இல்லை, வீக்கம் இல்லை, நேற்று சிரித்தோம், இன்று படுத்துவிட்டோம். பார்ப்பவருக்குக் குழப்பம்தான். நானோ நல்ல நாளில் மறைத்தேன், கெட்ட நாளில் கத்தினேன். நடுவில் எதையும் சொல்லவில்லை.

வாதாடி நம்பவைக்க முயலாதீர்கள். ஒருமுறை டாக்டரிடம் உடன் அழைத்துப் போங்கள். அவர் வாயால் கேட்பது வேறு. எல்லா உதவியையும் மறுக்கவும் வேண்டாம், எல்லாவற்றையும் ஒப்படைக்கவும் வேண்டாம். என் அம்மா பாசத்தில் என் தட்டைக்கூட எடுக்கவிடவில்லை. ஆறு மாதத்தில் நான் இன்னும் பலவீனமானேன். ‘அம்மா, தட்டை நான் கழுவுகிறேன், பக்கெட்டை மட்டும் நீங்கள் தூக்குங்கள்’ என்று பேசி ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது.

‘இப்போது எப்படி இருக்கிறது?’ என்று ஒரு நாளைக்குப் பத்து முறை கேட்பதும் ஒரு தொல்லை. கேட்கும்போதெல்லாம் வலியைத் தேடிப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். சமையலறைச் சுவரில் சின்னப் பலகை ஒன்று இருக்கிறது. காலையில் நான் அதில் ஓர் எண் எழுதுவேன். அது வலியின் எண் இல்லை. இன்றைக்கு எத்தனை வேலை என் கையில் தரலாம் என்ற எண். யாரும் எதுவும் கேட்பதில்லை, எண்ணைப் பார்த்துப் பிரித்துக்கொள்கிறார்கள். நேற்று 2. இன்று 4 எழுதினேன். கடை, துணி, மகளின் கணக்குப் பாடம் என மூன்றை மனைவி ஒதுக்கிவிட்டாள். நான்காவதாக இதை எழுதி முடித்தேன், மூன்று அலாரங்களில்.